பச்சை மையில் ஒரு சரிக்குறி

சனிக்கிழமைப் பிற்பகலில் அவர் யாரையும் பார்ப்பதில்லை. தண்ணீர் மீட்டர் சோதனைக்கூடத்தில் அரைநாள் வேலையை முடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். ஜன்னலை ஒட்டி நீண்ட மேசை ஒன்று. அதன் இடப்புறத்தில் அந்த வாரம் பழைய ரேடியோப் பலகைகளிலிருந்து கழற்றிய உதிரிகள் குவிந்திருக்கும். வலப்புறத்தில் உள்ளங்கை அளவுப் பழுப்பு உறைகள் அடுக்கியிருக்கும். நடுவில் அவரே கட்டிய சோதனைப் பெட்டி.

பெட்டியின் முகப்பில் வால்வு எனப்படும் ரேடியோக் கண்ணாடிக் குழல் ஒன்று, கண்ணைப் போலப் பச்சையாக ஒளிரும். பழைய கண்டென்சர் ஒன்றை அதில் மாட்டி, அது தாங்கவேண்டிய முந்நூறு வோல்ட்டையும் கொடுப்பார். கண்டென்சர் என்பது ஒரு சிறு உருளை. மின்னழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கசியாமல் அணைபோலத் தடுப்பது அதன் கடமை. கசியாத நல்ல உருளை என்றால் பச்சைக்கண் அகலத் திறந்தபடி நிற்கும். கசிகிறது என்றால் கண் மெல்லச் சுருங்கி மூடிக்கொள்ளும். அவர் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவைத்துப் பார்ப்பார். தேறியதை உறையில் போட்டு, அளவையும் தேதியையும் எழுதி, கீழே ஒரு வட்டத்துக்குள் பச்சை மையால் சரிக்குறி இடுவார்.

அலுவலகத்தில் சோதித்து முடித்த மீட்டருக்கு ஈய முத்திரை குத்துவதும் அவர் வேலையே. ஆகவே ஞாயிறு காலைகளில் பழைய இரும்புக் கடையின் பின்கொட்டகையில் கூடும் ரேடியோப் பித்தர்கள் அவருக்கு ‘முத்திரை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. பச்சைக்குறி இட்ட உறையிலிருந்து எடுத்ததை எவரும் மறுபடி சோதிப்பதில்லை. சோதித்தால் அது முத்திரையின் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டதாகும்.

“முத்திரை டிக் போட்டா உப்புக்கல்லுகூட கரன்ட்டைத் தாங்கும்யா” என்பார் அவர்களில் ஒருவரான லிஃப்ட்காரர். மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கூடியிருப்போரைச் சிரிக்கவைப்பது அவர் தொண்டு.

ஒரு ஞாயிறு அந்தக் கொட்டகைக்கு, மூடப்பட்ட கப்பல் பட்டறை ஒன்றின் பண்டகசாலைச் சாமான்கள் வந்திறங்கின. துருப்பிடித்த நங்கூரச் சங்கிலிக்கு அடியில் முத்திரையின் கையில் ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. மூடியைச் சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். அறுத்துத் திறந்தால் மெழுகுத்தாள். அதற்குள் பன்னிரண்டு கண்டென்சர்கள். மேற்பூச்சு மங்கவில்லை, கம்பிக்கால்கள் வளையவில்லை. ஐம்பது ஆண்டுகளாக எவர் கையும் படாதவை.

“பொறந்த குழந்தை மாதிரி இருக்குய்யா!” என்றார் லிஃப்ட்காரர்.

“ஐம்பது வயசுக் குழந்தை” என்றார் முத்திரை. 

அவ்வகைக் கண்டென்சருக்குள் இருப்பது மெழுகில் தோய்த்த காகிதச் சுருள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது காலப்போக்கில் ஈரம் குடித்து உளுத்துப்போகும். இதை அவரே பலருக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அடைத்த டப்பாவைத் தன் கையால் திறந்தவனுக்கு அறிவு சற்றுத் தள்ளியே நிற்கிறது.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய சோதனைப் பெட்டியின் பச்சைக்கண் மூன்று வாரத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. அந்த வால்வு எங்கும் கிடைக்கவில்லை. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. முத்திரையின் பெட்டிக்கே கண் போய்விட்டது என்று தெரிந்தால் லிஃப்ட்காரர் ஓராண்டுக்குக் குறையாமல் அதை வைத்தே பிழைப்பு நடத்துவார்.

எனவே அந்தச் சனிக்கிழமை அவர் சட்டைப்பையில் அடங்கும் சிறு மீட்டரை எடுத்துப் பன்னிரண்டையும் அளந்தார். ஒவ்வொன்றும் அச்சிட்ட அளவைத் துல்லியமாகக் காட்டியது. அந்த மீட்டருக்குள் இருப்பது ஒன்பது வோல்ட் பாட்டரி. ஒன்பது வோல்ட்டில் சாதுவாக இருக்கும் உருளை முந்நூறு வோல்ட்டில் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. சொல்லாது என்பதும் அவருக்குத் தெரியும். பச்சைப் பேனாவைத் திறந்தவர் சற்றுத் தயங்கினார்.

“என்னங்க, டீ ஆறுது” என்று கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். “அந்த டப்பாவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே தூங்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“பொறாமையா?”

“பின்ன? இருபத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு தடவையாவது இப்படித் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கீங்களா?”

அவர் சிரித்தார். சிரித்தபடியே பன்னிரண்டு உறைகளிலும் குறியிட்டார்.

அடுத்த ஞாயிறு அவற்றுள் இரண்டைக் கேட்டு வாங்கியவள் தையல்காரம்மா. ஆண்கள் நிறைந்த கொட்டகையில் அவள் ஒருத்தியே பெண். வீட்டு முன்னறையில் மோட்டார் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். ஊசிமுனையில் பழகிய கை என்பதால் உதிரிகளை இணைக்க அவள் வைக்கும் ஈயப் பற்று ஒவ்வொன்றும் ஒரே அளவில் முத்துப்போல இருக்கும். பொழுதுபோக்காக அவள் இந்த வேலையைக் கற்கவில்லை.

அவளுடைய கணவர் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அதிகாரியாக இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவர். மூன்றாண்டுக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் ஏறக்குறைய உடம்பு முழுவதையும் கொண்டுபோயிற்று. எஞ்சியது இடக்கையின் ஆள்காட்டி விரல். கட்டிலருகே அவருடைய பழைய கப்பல் ரிசீவர் இருந்தது. காலைதோறும் எங்கெங்கோ இருக்கும் பொழுதுபோக்குத் தந்தியாளர்கள் மோர்ஸ் என்னும் தந்திக்குறி ஒலியில் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொள்வதை அது பிடித்துத் தரும். கேட்பதை அவர் விரல் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டும். நோயாளி வெறுமனே தட்டுகிறார் என்றுதான் எல்லோரும் முதலில் எண்ணினார்கள். அவள் மட்டும் ஒரு மோர்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஆறு மாதத்தில் அவர் தண்ணீர் கேட்டது புரிந்தது. கால் வலி புரிந்தது. ஒருநாள் அவருடைய அக்கா சமைத்த சாப்பாட்டை ஊட்டிவிட்டபோது விரல் நிதானமாக ‘உப்பு’ என்றது. அன்று அவள் மூன்றாண்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த ரிசீவரின் ஒலி தேயத் தொடங்கியிருந்தது. உளுத்த கண்டென்சர்களை மாற்றவேண்டும்.

“புதுசா கடையில கிடைக்கிறதையே போடலாமே தங்கச்சி” என்றார் முத்திரை.

“அவரு கண்ணை மூடிக்கிட்டே அந்தப் பெட்டிக்குள்ள கைவிட்டு வேலை பாத்தவருண்ணே. நான் மூடியைத் திறந்தா உள்ளயே பாத்துக்கிட்டிருப்பாரு. பழசு மாதிரியே இருந்தா சந்தோஷப்படுவாரு.” அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். “தாங்குமாண்ணே?”

“அதான் டிக் இருக்குல்ல?”

“அப்ப சரி” என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் அவற்றைப் பொருத்திய ஒன்பதாம் நாள் காலையில் அது நடந்தது. முன்னறையில் நாற்பது சீருடைகளை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் ரிசீவரின் கண்டென்சர் ஒன்று கசிந்தது. தடுக்கப்படவேண்டிய அழுத்தம் அதன் வழியே நுழைந்து அடுத்திருந்த வால்வைச் சிவக்கப் பழுக்கவைத்தது. அதனோடு இணைந்த டிரான்ஸ்பார்மரின் கம்பிச்சுருள் கருகி, உள்ளே ஊற்றியிருந்த தார் உருகிப் புகைந்தது. பியூஸ் அறுந்துபோகும் அளவுக்கு அது மின்சாரத்தை இழுக்கவில்லை. ஆகவே புகை நிதானமாக, நிற்காமல் வந்தது.

நூற்கண்டு தீர்ந்துபோய் இயந்திரத்தை நிறுத்தியபோதுதான் அவளுக்கு வாடை தெரிந்தது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், அவரை இழுத்துக் கூடத்தில் போட்டாள். உயிர் இருந்தது. பிறகு கட்டிலைத் துடைக்கும்போது அவள் அதைக் கண்டாள். இரும்புச் சட்டத்தில் அவர் விரல் படும் இடத்தில் வண்ணப்பூச்சு பெயர்ந்து இரும்பு வெளுத்திருந்தது. விரல் நகம் பிளந்து இரத்தம் உறைந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினார் என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அந்த நேரமெல்லாம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை அவள் அந்த ரிசீவரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முத்திரையின் வீட்டுக்கு வந்தாள்.

“நான் எங்க தப்புப் பண்ணினேன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

அவர் மூடியைத் திறந்தார். அவளுடைய பற்றுகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் கூடத்தில் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தான் கொடுத்த கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றி, குறியிடுமுன்பே செய்திருக்கவேண்டியபடி, வேறொரு ரேடியோப் பெட்டியிலிருந்து முந்நூறு வோல்ட் எடுத்துக் கொடுத்து, மறுகாலில் மீட்டரை வைத்தார். முள் விருட்டென்று ஏறி நின்றது. இரண்டாவதையும் பார்த்தார். அதுவும் அப்படியே. அவள் உள்ளே வருவதற்குள் காலைப் பழையபடி பற்றவைத்துவிட்டார். 

“தெரிஞ்சுதாண்ணே?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அவளுடைய கண்களைப் பார்த்தார். பிறகு அவர் நாக்கு சொன்னது வேறு.

“ஈயத் துளி ஒண்ணு சிதறி உள்ள விழுந்திருக்கும்மா. அது ஷார்ட் பண்ணியிருக்கும். யாருக்கும் நடக்கிறதுதான்.”

அவள் தலையசைத்தாள். “நினைச்சேன். அன்னைக்கு அவசரமா பத்தவெச்சேன். அவரோட அக்கா அப்பவே சொன்னாங்க, துணி தைக்கிற கைக்கு இதெல்லாம் வேண்டாம்னு.” ரிசீவரை மறுபடி துணியில் சுற்றினாள். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தவள், போகும்போது இடுப்பில் இடித்துக்கொண்டு ஏதோ மூட்டையைப்போலத் தூக்கிச் சென்றாள்.

இதை விலங்குகளின் கதையாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். ஒரு காட்டுக்குளத்துத் தண்ணீரைத் தினமும் கொக்கு ஒன்று சுவைத்துப் பார்த்துத் தலையாட்டும். அதன் பிறகே மற்ற விலங்குகள் குடிக்கும். ஒருநாள் கொக்குக்கு ஜலதோஷம், நாக்கில் சுவையே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டது. முதலில் குடித்த மான் விழுந்தது. மானின் துணை அழுதுகொண்டே, நான்தான் அதைச் சீக்கிரம் குடி என்று அவசரப்படுத்தினேன் என்றது. கொக்கு அதற்கும் தலையாட்டியது. கதையில் வரும் கொக்கு அதன்பின் வேறு குளத்துக்குப் பறந்துபோய்விடும். முத்திரைக்கு இறக்கை இல்லை. அவர் அதே வீட்டில், அதே பின்னறையில், அதே மேசைமுன் சனிக்கிழமைதோறும் உட்காரவேண்டியிருந்தது.

அவர் முதலில் செய்தது கொட்டகையில் மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த பத்தையும் திரும்பப் பெற்றது. “அளவுல ஒரு சின்ன சந்தேகம், பாத்துட்டுத் தரேன்” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினார். வாங்கியவற்றை நசுக்கிக் குப்பையில் போட்டார். எவரும் ஏனென்று கேட்கவில்லை. அவர்மேல் அவர்களுக்கிருந்த நம்பிக்கை அந்தப் பொய்க்கும் உதவியது.

பிறகு சோதனைகள் நின்றன. பேனாவைத் திறப்பார், மூடுவார். எந்தக் கண்டென்சரைக் கையில் எடுத்தாலும் அந்த அறையின் புகை நினைவுக்கு வந்தது. நான்காவது சனிக்கிழமை மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஒரு மாசமா ஒரு உறைகூட ஒட்டலை. உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாத மூஞ்சி ஏன் பியூஸ் போன பல்பு மாதிரி இருக்கு?”

 அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று பின்னர் பலமுறை எண்ணியிருக்கிறார். ஆனால் அதுவும் பழியை இன்னொருவர் தலையில் போடுவதே என்பது அவருக்குத் தெரியும்.

செய்திகள் லிஃப்ட்காரர் வழியாக வந்துகொண்டிருந்தன. தந்தி அதிகாரியின் விரல் அன்றிலிருந்து தட்டவில்லை. மூளையில் இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். பேசும் ரேடியோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. எந்த மின்பெட்டியும் இனி அந்த அறைக்குள் வரக்கூடாது என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டார்.

நான்காம் மாதத்தில் ஒரு ஞாயிறு லிஃப்ட்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

“தையல்காரம்மா குடுத்தனுப்பினாங்க. ஈயம் வைக்கிற அயர்ன், கட்டர், மீட்டர் எல்லாம். யாருக்கு வேணுமோ எடுத்துக்கச் சொன்னாங்க.”

“ஏனாம்?” என்றார் ஒருவர்.

“இது கொலைகாரக் கை, இதுல இனிமே எதையும் குடுக்காதீங்கன்னு சொன்னாங்க.” லிஃப்ட்காரர் முத்திரையைப் பார்த்தார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க முத்திரை. உங்க மேல அவங்களுக்கு அவ்வளவு மரியாதை.”

முத்திரை அந்தப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறோம் என்பதைக் கால்கள் முடிவுசெய்திருந்தன.

கதவைத் திறந்தவர் தந்தி அதிகாரியின் அக்கா. “வாங்க. அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தீங்களா? மாடிப்படிக்குக் கீழ கெடக்கு, புண்ணியமாப் போகும்.” உடைந்த வாளிக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே ரிசீவர் கிடந்தது. அதன்மேல் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது.

முன்னறையில் தையல்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீருடைத் துணி. கையால் தைத்துக்கொண்டிருந்தாள். விளிம்பு முழுவதும் நெருக்கமான சிறு தையல்கள்; விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். மூலையில் இயந்திரத்தைப் போர்வையால் மூடி வைத்திருந்தார்கள்.

“மெஷின் ரிப்பேரா தங்கச்சி?”

“இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“அது ஓடினா உள்ளேருந்து சத்தம் வந்தா கேக்காது.”

“அவன்தான் இப்ப தட்டுறதே இல்லையே” என்றார் அக்கா அலுப்போடு. “சொன்னாக் கேக்கறாளா? ஒரு சட்டைக்கு ரெண்டு நாள். பாதி ஆர்டர் கைவிட்டுப் போச்சு.”

தையல்காரம்மா தலை நிமிரவில்லை. “தட்டினா?” என்றாள்.

நான்கு மாதமாக இந்த வீட்டில் ஒருத்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வராத சத்தத்துக்குக் காதுகொடுத்தபடி தைத்துக்கொண்டிருக்கிறாள். முத்திரை கொண்டுவந்த பையை அவள்முன் வைத்தார். 

“தங்கச்சி, ஈயம் சிதறலை.”

“என்னண்ணே?”

“உங்க பத்து ஒவ்வொண்ணும் சுத்தமா இருந்துச்சு. நான் குடுத்த கண்டென்சர்தான் ஒழுகிச்சு. என் பெட்டி அப்ப கெட்டுப்போயிருந்துச்சு. முழு வோல்ட் குடுத்துப் பாக்காமலே டிக் போட்டேன். நீங்க கொண்டுவந்த அன்னைக்கே அளந்து பாத்துட்டேன். தெரிஞ்சுதான் உங்க மேல போட்டேன்.”

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் பேசியது அக்கா. குரல் தாழ்ந்திருந்தது.

“அப்ப இவ கையில தப்பே இல்லையா?”

“இல்லம்மா. ஒரு துளிகூட இல்லை.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி மனைவியைப் பார்க்க முயன்று, முடியாமல் தன் புடவை ஓரத்தைப் பார்த்தார். நான்கு மாதத்தில் இந்தக் கூடத்தில் அவர் சொன்ன சொற்கள் எல்லாம் அவருக்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

“எத்தனை நாளா தெரியும்னு சொன்னீங்க?” என்றாள் தையல்காரம்மா.

“முதல் நாள்லேருந்து.”

“நாலு மாசம்.”

“ஆமா.”

“நாலு மாசமா நான் என் கையைப் பாத்துச் சாப்பிடலைண்ணே.” அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்தார், வரவில்லை. அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். “அவருக்கு முகம் துடைச்சுவிடும்போது, இந்தக் கைதானேன்னு நினைச்சுக்கிட்டே துடைப்பேன். அவரு கண்ணை மூடிக்குவாரு. என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

“தங்கச்சி…”

“என்கிட்ட சொல்லிட்டீங்க. புகையைக் குடிச்சது நானில்லை. உள்ள போய்ச் சொல்லுங்க.”

அவர் உள்ளே போனார். கட்டிலில் இருந்தவர் கண்களை மட்டும் திருப்பினார். முத்திரை கட்டிலருகே நின்று, அலுவலகத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை படிப்பவரைப்போல, தகர டப்பாவில் தொடங்கி ஈயத் துளி வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். தண்டிக்கவும் மன்னிக்கவும் அந்த மனிதரிடம் இருந்தது ஒரே விரல். அது போர்வையின் மேல் கிடந்தது. நகம் வளர்ந்து, பிளவின் தழும்பு மேலேறியிருந்தது. முத்திரை வெகுநேரம் காத்திருந்தார். அது அசையவில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் எல்லோர் முன்னிலும் அதையே சொன்னார். தன் குறியிட்ட எந்த உதிரியையும் இனிச் சோதிக்காமல் பயன்படுத்தவேண்டாம் என்றார். லிஃப்ட்காரர் ஒரு வேடிக்கை சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். சிலர் அவரைப் பார்க்காமல் எழுந்துபோனார்கள். அதை அவர் நியாயம் என்றே ஏற்றார்.

ரிசீவரின் வேலை ஐந்து வாரம் பிடித்தது. கருகிய டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, மயிரிழைக் கம்பியை மூவாயிரத்துச் சொச்சம் சுற்று அவரே சுற்றினார். மூன்று முறை அறுந்தது. மூன்று முறையும் முதலிலிருந்து தொடங்கினார். உதிரி ஒவ்வொன்றையும் தையல்காரம்மாவின் வீட்டிலேயே, அவள் கண்முன், முழு வோல்ட் கொடுத்து அளந்தார். முள் காட்டியதை அவளே வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை. படித்து, சரி என்று அவள் சொன்ன பிறகே அது உள்ளே போயிற்று. ஈயம் வைத்தது அவள் கை. முதல்நாள் அது அயர்னை எடுத்து எடுத்துக் கீழே வைத்தது. அக்கா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மெதுவா பண்ணும்மா, ஒண்ணும் அவசரமில்லை” என்றார். அக்கா மன்னிப்புக் கேட்டது அவ்வளவே. தையல்காரம்மா அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

ரிசீவர் மறுபடி கட்டிலருகே வந்தது. மோர்ஸ் ஒலி பழைய கூர்மையோடு அறையை நிறைத்தது. தந்தி அதிகாரியின் கண்கள் பெட்டியின் பக்கம் திரும்பின, அங்கேயே நின்றன. மூவரும் விரலைப் பார்த்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள் பார்த்தார்கள். மருத்துவர் வந்து, கேட்கிறது, புரிகிறதா என்பது தெரியவில்லை, காலம் கடந்துவிட்டிருக்கலாம் என்றார். எந்தக் காலம் கடந்தது, நான்கு மாதமா அந்த ஒரு காலையா என்று முத்திரை கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் அதில் தன் பங்கு இருக்கும்.

தையல்காரம்மா இன்னும் கையால்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் முத்திரை வேலை முடிந்து நேராக அங்கே வந்தார். “தங்கச்சி, தினமும் அஞ்சரை மணிக்கு வந்துடறேன். ஏழரை வரைக்கும் அவர் பக்கத்துல உக்காந்திருக்கேன். வேற எங்கயும் பாக்கமாட்டேன். விரல் அசைஞ்சா எழுந்து வந்து சொல்றேன். நீங்க மெஷினை ஓட்டுங்க.”

“உங்க வார்த்தையை நம்பியா?” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

“நம்ப வேண்டாம். கதவைத் திறந்தே வைங்க. எப்ப வேணும்னாலும் நிறுத்திட்டு வந்து பாத்துக்குங்க.”

அவள் உள்ளறைக் கதவைச் சுவரோடு தள்ளித் திறந்துவைத்தாள். பிறகு இயந்திரத்தின் மேலிருந்த போர்வையை எடுத்து மடித்தாள்.

அவர் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த விரலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முன்னறையில் இயந்திரம் சிறிது ஓடியது, நின்றது. அவள் வாசலில் வந்து பார்த்தாள். அவர் திரும்பவில்லை. விரலும் அசையவில்லை. அவள் திரும்பிப் போனாள். இயந்திரம் மறுபடி ஓடியது. ஒரு தையல் நீளத்துக்குள் மறுபடி நின்றது. மறுபடி வந்தாள். அன்று மாலை முழுவதும் அப்படியே போயிற்று.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அலுவலகத்தில் மேலதிக நேர வேலைக்குப் பெயர் கேட்டபோது இனி முடியாது என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் இயந்திரம் ஒரு சட்டையின் கை முழுவதையும் நிற்காமல் தைத்து முடித்தது. அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. ஆகவே அவர் இன்னும் சற்று முன்னே குனிந்து, இமைப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டு, போர்வைமேல் கிடந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.